ஆதாமின் வாரிசு யார்?

ஐரோப்பாவில் மக்களாட்சிக் கொள்கை எவ்வாறு தோன்றிற்று என்று வினவினால், படித்தவர்களிற் பெரும்பாலோர் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு. மதத்தின் பிடி தளர்ந்தது, பகுத்தறிவு தலையெடுத்தது, அதன் பயனாக மக்கள் உரிமை பெற்றனர் என்பதே அது. இவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அக்காலத்து நூல்களையே கையிலெடுத்துப் புரட்டிப் பார்ப்போமானால் வேறொரு காட்சி புலனாகின்றது. 1651-ல் வெளிவந்த ஹாப்ஸ் என்பாரின் ‘லெவியதன்’ நான்கு பாகங்களை உடையது. அவற்றுட் பின்னிரண்டும் கிறிஸ்துவ வேத வாக்கியங்களையும் திருச்சபையின் அதிகாரத்தையும் பற்றிய விசாரணையே. 1670-ல் ஸ்பினோசா தம் பெயரை மறைத்து, ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டதை ஹாம்பர்க்கில் அச்சிட்டதாகப் பொய்யான ஊர்ப்பெயரும் போட்டு வெளியிட்ட நூல், ஆகமங்களை எழுதியவர் யார், அவற்றைப் படிக்கும் முறை யாது என்பவற்றை ஆராய்ந்தே கருத்துச் சுதந்திரத்தை நிலைநாட்டுகின்றது. ஜான் லாக் எழுதிய ‘அரசாட்சியைப் பற்றிய இரு நூல்கள்’ என்பதோ மக்களாட்சிக்கு மூலநூல் என்று போற்றப்படுவது. இவ்விரண்டில் இரண்டாவதையே எல்லோரும் படிக்கின்றனர். முதலாவது முழுவதும் ஆதாமைப் பற்றியதாகலின், அதனைத் தொடுவாரில்லை.

அந்தத் தொடப்படாத நூலின் கதையையே ஈண்டு எழுதப் புகுந்தோம். மனிதர் யாவரும் பிறப்பில் சுதந்திரர், சமமானவர் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். இக்கொள்கை மேல்நாட்டில் வெற்றி பெற்றது, ஆதாம் அரசனா அல்லது வெறுந் தகப்பனா என்னும் ஒரு வழக்கின் மூலமாகத்தான். அவ்வழக்கில் தலையிழந்தவர்களும் உண்டு.

முதலில் அரசர் கட்சியைக் கேட்போம். ஸ்காத்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ், 1603-ல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆனவர், தாமே நூல் எழுதும் பழக்கமுடையவர். அரசனுக்கு அதிகாரம் கடவுளிடமிருந்து நேராக வந்தது. அவன் கடவுளுக்கன்றிக் குடிகளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனல்லன் என்று 1598-லேயே எழுதியவர். 1610-ல் பார்லிமெண்டின் முன் நின்று, வேதமே அரசர்களைத் தேவர்கள் என்றழைக்கின்றது என்று பிரசங்கித்தார். இவ்வாறு சொல்வோருக்கெல்லாம் கேடயமாக நின்றது, பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரம். அதிகாரம் யாவும் தேவனால் உண்டானது, அதனை எதிர்ப்பவன் தேவ நியமத்தையே எதிர்க்கிறான் என்பது அதன் கருத்து.

ஆயினும், வேதம் முழுவதும் அரசனுக்கு அனுகூலமாக இல்லை. 1604-ல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய மத மாநாட்டில் நிகழ்ந்த ஒன்றை நோக்குக. அக்காலத்துப் பொதுஜனங்கள் வீட்டில் வைத்துப் படித்தது 1560-ல் வெளிவந்த ஜெனீவா வேதாகமம். அதன் ஓரங்களில் விளக்கக் குறிப்புகள் அச்சிடப்பட்டிருந்தன. யாத்திராகமத்தின் தொடக்கத்தில், எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்குழந்தைகளையெல்லாம் கொன்றுவிடும்படி பார்வோன் மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிடுகிறான். அவர்கள் கொல்லாமல் விட்டு, அரசனிடம் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்கின்றனர். ஜெனீவா வேதாகமத்தின் ஓரக் குறிப்போ, அவர்கள் பொய் சொன்னது தவறு, கட்டளையை மீறியது நியாயமே என்று தீர்ப்புக் கூறியது. ஜேம்ஸ் அரசர் இக்குறிப்பைப் பெயர் குறித்தே கண்டித்தார். புதிய மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு ஆணை பிறந்தது. 1611-ல் வெளிவந்த அந்த அழகிய மொழிபெயர்ப்பில் இத்தகைய வியாக்கியானக் குறிப்புகள் இல்லை. அரசருக்கு மனவருத்தம் மருத்துவச்சிகளின் கதையினால் அன்று. கதையை ஜனங்கள் படிக்கலாம். கதையிலிருந்து நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாகாது!

அவர் மகன் முதலாம் சார்லஸ் 1649 ஜனவரி 30-ல் தலை வெட்டுண்டு மாண்டதும், அவ்வாறு வெட்டியவர்களும் வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்களே என்பதும் யாவரும் அறிந்தது. 1660-ல் முடியாட்சி மீண்டது. இரண்டாம் சார்லசுக்கு முறைப்படியான பிள்ளையில்லை. தம்பி ஜேம்சோ கத்தோலிக்கர். அவருக்குப் பட்டம் கூடாதென்று பார்லிமெண்டில் ஒரு கட்சி மும்முரமாக வேலை செய்தது. அரண்மனைக் கட்சியாருக்கு அப்போது ஒரு சாஸ்திரம் தேவைப்பட்டது. அவர்கள் தேடியெடுத்தது, 1653-லேயே இறந்துபோன சர் ராபர்ட் பில்மர் என்ற கெண்ட் பிரதேசத்து நிலப்பிரபுவின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று. ‘குலபிதா’ என்னும் பொருள்பட அதற்குப் பெயர். 1680-ல் அதனை அச்சேற்றினர்.

பில்மரின் வாதம் மிகவும் நேரானது. கடவுள் ஆதியில் ஒரே ஒரு மனிதனைப் படைத்தார். பூமி முழுவதையும் அவனுக்குக் கொடுத்தார். அவன் தன் மக்களுக்குத் தந்தை. தந்தை என்ற முறையிலேயே அரசன். அவர்கள் உயிரின்மேலும் அதிகாரமுடையவன். அவ்வதிகாரம் வழிவழியாக இறங்கி நோவாவை அடைந்தது. ஜலப்பிரளயத்துக்குப் பின் நோவா மூன்று குமாரர்களுக்கும் உலகத்தைப் பங்கிட்டான். பாபேல் கோபுரத்திலிருந்து ஜனங்கள் சிதறியபோது குலத்தலைவர்கள் அதனை நாடுதோறும் எடுத்துச் சென்றனர். இன்றைய அரசர்கள் அத்தலைவர்களின் ஸ்தானத்தில் இருப்பவர்கள். ஆகவே எவனும் சுதந்திரனாய்ப் பிறப்பதில்லை. பிறக்கும்போதே தகப்பனுக்கு அடங்கினவன். தகப்பன்மார் யாவரும் அரசனுக்கு அடங்கினவர். தகப்பனைக் கனம்பண்ணவேண்டுமென்ற கற்பனையே குடிகள் அரசனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்பதற்கும் ஆதாரம்.

இதனைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் பில்மரை மூடரென்று தள்ளிவிடுதல் தவறாகும். எதிர்க்கட்சியாரை அவர் கேட்ட கேள்விகள் கூர்மையானவை. மனிதரெல்லாம் கூடி உடன்பட்டு அரசை ஏற்படுத்தினார்கள் என்கிறீர்களே, அக்கூட்டம் எங்கே, எப்போது கூடிற்று? பெண்டிரும் சிறுவரும் ஏவலாளரும் அதில் வாக்களித்தனரா? அவர்களும் பிறப்பில் சுதந்திரர் என்றால், அவர்களை விட்டுவிட்டுச் செய்த ஒப்பந்தம் அவர்களை எப்படிக் கட்டும்? இக்கேள்விகளை அவர் கேட்டது பெண்டிர்மேலும் ஏவலாளர்மேலும் கொண்ட இரக்கத்தினால் அன்று. அவர்களுக்கும் உரிமையுண்டு என்பது நகைப்புக்கிடமான முடிவு, ஆகவே தொடக்கமே பிழை என்று காட்டுவதற்காகவே கேட்டார். எனினும் கேள்வி கேள்விதான். அதற்கு நேர்மையான பதில் வர நெடுங்காலம் சென்றது.

பில்மருக்குப் பதில் எழுதியவர்களுள் ஒருவர் அல்ஜெர்னன் சிட்னி என்னும் பிரபு வமிசத்துக் குடியரசுவாதி. 1683-ல் அரசனைக் கொல்லச் சதி செய்ததாக அவரைப் பிடித்தனர். அரசத்துரோக வழக்குக்கு இரண்டு சாட்சிகள் வேண்டுமென்பது சட்டம். கிடைத்ததோ ஒரே சாட்சி. அவர் வீட்டைச் சோதித்தபோது, பில்மருக்கு மறுப்பாக அவர் எழுதிக்கொண்டிருந்த, அச்சேறாத, ஒருவருக்கும் காட்டாத தாள்கள் அகப்பட்டன. நீதிபதி ஜெப்ரீஸ் அத்தாள்களையே இரண்டாவது சாட்சியாக ஏற்றுக்கொண்டார். எழுதுவதும் செய்கையே என்பது அவர் கண்ட நியாயம். அவ்வாண்டு டிசம்பர் 7-ல் சிட்னியின் தலை உருண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஜூலை 21-ல், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை தீய கொள்கைகள் என்று ஒரு ஜாபிதா தயாரித்து, அவற்றைக் கொண்ட நூல்களைப் பகிரங்கமாக எரிக்கத் தீர்மானித்தது. அரசதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கின்றது என்பதும் அந்த ஜாபிதாவில் இடம்பெற்ற தீமைகளுள் ஒன்று. எரியுண்ட நூல்களில் ஹாப்சும் மில்டனும் இருந்தனர்.

அதே ஆக்ஸ்போர்டில் இருந்தவர்தான் லாக். 1632-ல் பியூரிட்டன் குடும்பமொன்றிற் பிறந்து, வைத்தியம் பயின்று, எதிர்க்கட்சித் தலைவரான ஷாப்ட்ஸ்பரி பிரபுவுக்கு மருத்துவரும் ஆலோசகருமாய் இருந்தவர். பேச்சில் மகா ஜாக்கிரதைக்காரர். 1683-ல் ஹாலந்துக்கு ஓடிப்போனார். அடுத்த ஆண்டு அரசன் கட்டளையால் கல்லூரிப் பதவி பறிபோயிற்று. 1688 புரட்சியால் கத்தோலிக்க ஜேம்ஸ் ஓடிப்போன பிறகே 1689 பிப்ரவரியில் நாடு திரும்பினார். இரு நூல்களும் அவ்வாண்டின் இறுதியிற் பெயரின்றி வெளிவந்தன. முகப்பில் 1690 என்று போட்டிருந்தது. தாமே ஆசிரியர் என்பதை அவர் 1704-ல் இறக்குந் தறுவாயில், மரண சாசனத்தின் பிற்சேர்க்கையில்தான் ஒப்புக்கொண்டார். சிட்னியின் தாள்கள் பட்ட பாட்டை நினைப்போர் இவ்வச்சத்தைக் கோழைத்தனம் என்னார்.

லாக் வேதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பகுத்தறிவால் மட்டும் பில்மரை வென்றார் என்று எண்ணுவோர் முதல் நூலைத் திறந்து பார்க்கட்டும். அங்கே அவர் சொல் சொல்லாக ஆதியாகமத்தைப் படிக்கின்றார். பூமியை ஆண்டுகொள்ளும்படி கடவுள் சொன்ன இடத்தில், அவர் ஆதாமை மாத்திரம் நோக்கிச் சொல்லவில்லை என்கிறார். அங்கே பன்மைச் சொல்தான் நிற்கின்றது. நம் தமிழ் வேதாகமத்தைப் புரட்டினாலும் அவ்விடத்தில் பன்மையே காணலாம். கொடுக்கப்பட்டது மனித குலம் முழுமைக்கும் பொதுவாக. அதுவும் எதன்மேல் அதிகாரம்? மீன்கள்மேல், பறவைகள்மேல், மிருகங்கள்மேல். மனிதர்மேல் மனிதனுக்கு என்று ஒரு சொல்லும் இல்லை.

தகப்பனைக் கனம்பண்ணும் கற்பனையைப் பில்மர் எடுத்துக்காட்டும்போது பாதியை விழுங்கிவிட்டார் என்பதையும் லாக் கையுங்களவுமாகப் பிடித்துக் காட்டுகின்றார். கற்பனை தகப்பனையும் தாயையும் சேர்த்துச் சொல்லுகின்றது. தாய்க்கும் அதே கனம் உரியதென்றால், தகப்பன் என்ற முறையில் ஒருவனே ஏகாதிபதி என்பது எங்கே நிற்கும்? ஏவாளுக்குக் கிடைத்த சாபத்தை ஆதாமுக்குக் கிடைத்த பட்டாபிஷேகமாக்குகிறார்களே என்று மற்றோரிடத்தில் ஏளனம் செய்கிறார். அச்சாபம் கட்டளையன்று; பெண்களுக்கு நேரப்போவதை முன்னறிவித்ததே. பிரசவ வேதனைக்கு ஒரு மருந்து கண்டுபிடித்தால் அதனை உண்பது பாவமாகுமா? ஆகாதெனின், புருஷனுக்கு அடங்கியிருத்தலும் தப்ப முடியாத விதியன்று என்பது அவர் வாதம்.

இறுதியில் வருவதுதான் நம் தலைப்பிலுள்ள கேள்வி. ஆதாம் உலகத்துக்கு அரசனாயிருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுடைய மூத்த வாரிசு இன்று யார்? அப்படி ஒருவன் இருந்தால் உலகத்தில் அவன் ஒருவனே நியாயமான அரசன்; மற்றெல்லா அரசரும் அபகரித்தவர்கள். இல்லையென்றால் அரசர் யாவரும் அவ்வாறே. வாரிசுப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்ட மாத்திரத்தில் வழக்கு முடிந்துபோயிற்று.

இரண்டாவது நூலிலும் லாக் வேதத்தை விட்டு விலகவில்லை. மனிதர் ஏன் சமம்? யாவரும் ஒரே சிருஷ்டிகர்த்தரின் கைவேலை, அவருக்குச் சொந்தமானவர்கள், ஆகவே ஒருவன் மற்றொருவனுக்குச் சொந்தமாதல் கூடாது. தன்னையே அழித்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமையில்லை. தன்னிடமில்லாத அவ்வுரிமையை அரசனுக்கு அவன் எப்படிக் கொடுக்க முடியும்? அரசனின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் சுவர் இக்கல்லின்மேல் எழும்பியது. கல்லை எடுத்துவிட்டாலும் சுவர் நிற்குமா என்பது தத்துவ சாஸ்திரிகள் இன்றளவும் வாதாடும் விஷயம். லாக்கைப் பொறுத்தவரை நில்லாது. மதச் சகிப்பைப் பற்றி 1689-ல் வெளிவந்த தமது கடிதத்தில், கடவுள் இல்லையென்பவன் செய்யும் சத்தியத்தை நம்பக்கூடாதென்று சொல்லி, நாத்திகருக்குச் சகிப்பு மறுத்தார். அந்நிய அரசனுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்னும் காரணங்காட்டிக் கத்தோலிக்கரையும் வெளியே நிறுத்தினார்.

அவருடைய குறை அங்கே மட்டுமன்று. முதல் நூலின் முதல் வாக்கியமே அடிமைத்தனத்தை இழிந்ததென்று கண்டிக்கின்றது. அதை எழுதிய கை, அமெரிக்காவில் கரோலினாக் குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குக் காரியதரிசியாய் இருந்த கை. 1669-ல் அக்குடியேற்றத்துக்கு வகுத்த அடிப்படைச் சட்டம், ஒவ்வொரு சுயேச்சைக் குடிமகனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள்மேல் முழு அதிகாரம் தந்தது. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்றும் விதித்தது. அச்சட்டத்தை இயற்றியதில் லாக்கின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்கள் மாறுபடுகின்றனர். அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்தார் என்பதில் மாறுபாடில்லை. எல்லாரும் கடவுளின் உடைமையாகலின் எவரும் எவருக்கும் உடைமையல்லர் என்றவரின் பணப்பெட்டியில் இப்பத்திரமும் இருந்தது.

பெண்கள் விஷயத்திலும் இப்படியே. மேரி ஆஸ்டெல் என்ற அம்மையார், ஆண்கள் யாவரும் சுதந்திரராய்ப் பிறந்தார்களென்றால் பெண்கள் யாவரும் அடிமைகளாய்ப் பிறந்தது எப்படி என்று 1706-ல் கேட்டார். இவ்வம்மையார் முற்போக்குக் கட்சியினர் அல்லர். அரசனையும் திருச்சபையையும் போற்றிய பழமைக் கட்சியினர். பில்மரின் கேள்வி ஒரு பெண்ணின் வாயில் புதுப் பொருள் பெற்றதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அடிமைகளின் பதில் இன்னும் நூறாண்டு கழித்து வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் நோவாவின் சாபத்தை எடுத்துக் காட்டினர். காமின் சந்ததி அடிமையாகுமென்று நோவா சபித்தான், கறுப்பர் அச்சந்ததி என்பது வாதம். நோவா சபித்தது காமையன்று, அவன் மகன் கானானை என்பதைக்கூட அவர்கள் ஊன்றிப் பார்க்கவில்லை. 1807-ல் லண்டனில் ஒரு விசித்திரமான வேதாகமம் அச்சாயிற்று. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்று தேர்ந்தெடுத்த பாகங்கள் அதில் இருந்தன. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டு எஜமானுக்கு உண்மையாய் உழைத்த கதை உண்டு. மோசே ஜனங்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து நடத்திக்கொண்டு போன கதை இல்லை. ஜேம்ஸ் அரசர் ஓரக் குறிப்பை நீக்கினார். இவர்கள் கதையையே நீக்கிவிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சிற்று.

ஜமைக்காத் தீவில் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமைக்குக் கிடைத்தது முழு வேதாகமம். அவர் எழுத்தறிந்தவர்; பாப்டிஸ்ட் சபையில் உபதேசியார். பத்திரிகைகளையும் படித்து, லண்டனில் அடிமை ஒழிப்பைப் பற்றி நடக்கும் வாதங்களைத் தெரிந்துகொண்டார். இரவு ஜெபக் கூட்டங்களில் அவர் எடுத்துக்கொண்ட வசனம், இரண்டு எஜமான்களுக்கு ஒருவன் ஊழியஞ்செய்ய முடியாது என்னும் கருத்துள்ள மத்தேயு சுவிசேஷ வசனம். சபைகளில் அதற்குப் பொருள், கடவுளையும் பொருளாசையையும் சேர்த்துச் சேவிக்கலாகாது என்பது. ஷார்ப் கண்ட பொருளோ, கடவுளுக்குச் சொந்தமானவன் தோட்ட முதலாளிக்குச் சொந்தமாக இருக்க முடியாது என்பது. லாக் தமது மேசையிலிருந்து எழுதிய அதே நியாயத்தை, லாக் நிறுத்திய இடத்தில் நில்லாமல், இவர் கரும்புக்காட்டின் நடுவே நடத்திச் சென்றார்.

அவர் வகுத்த திட்டம் வேலைநிறுத்தம். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும், கூலி கொடுத்தாலன்றி வேலைக்குப் போவதில்லை என்று ஒவ்வொரு தோட்டத்திலும் வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் வாங்கினார். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்தது. அத்துடன் வேலைநிறுத்தம் கலகமாயிற்று. அறுபதினாயிரம் அடிமைகள் வரை அதில் ஈடுபட்டதாகக் கணக்கிடுகின்றனர். கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். சண்டையில் மாண்ட அடிமைகள் ஏறக்குறைய 200 பேர். பின்னர் தூக்கிலிடப்பட்டோரும் சுடப்பட்டோரும் 300-க்கு மேற்பட்டவர். முதலாளிமார் கூட்டங்கூடி, பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் கோவில்களை இடித்தும் எரித்தும் பழிதீர்த்தனர். வேதத்தைப் பறிக்க முடியவில்லை; கட்டடத்தைத்தானே இடிக்கலாம்! 1832 மே 23-ல் மான்டேகோ பே நகரத்துச் சந்தைச் சதுக்கத்தில் ஷார்ப்பைத் தூக்கிலிட்டனர். அடிமையாய் வாழ்வதைக் காட்டிலும் இத்தூக்குமரத்தில் சாவதே மேல் என்று சிறையிற் சந்தித்த பாதிரியாரிடம் அவர் சொல்லியிருந்தார்.

அவ்வாண்டே நிப் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார் லண்டன் சென்று பார்லிமெண்டுக் குழுக்களின்முன் சாட்சி சொன்னார். 1833 ஆகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. அச்சட்டம் 2 கோடி பவுன் நஷ்டஈடு வழங்கிற்று. அடிமைகளுக்கன்று, அடிமைகளை இழந்தவர்களுக்கு. பெற்றவர்களின் பட்டியலில் சுவிசேஷம் பரப்பும் ஆங்கிலிகன் சங்கம் ஒன்றும் இருந்தது. பார்படோசில் காட்ரிங்டன் என்பவர் உயில் எழுதிவைத்த இரண்டு கரும்புத் தோட்டங்கள் அச்சங்கத்துக்கு உண்டு. தொடக்க காலத்தில் அங்கே அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரையே சூட்டுக்கோலால் பொறித்தனர். 8,800 பவுனுக்கு மேல் நஷ்டஈடு கிடைத்தது. நம் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல் பாதிரியார் சில ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்து, திருநெல்வேலியில் ஊழியம் புரிந்ததும் இதே சங்கத்தில்தான்.

விடுதலை பெற்றவர்களை உடனே விட்டுவிடவில்லை. பயிற்சியாட்கள் என்று பெயர் மாற்றி, 1838 வரை பழைய எஜமானுக்கே உழைக்கச் செய்தனர். அதற்குமேல் நிற்கமாட்டார்கள் என்பது முதலாளிமாருக்கு முன்னமேயே தெரியும். சட்டம் அமலுக்கு வந்த மூன்றாம் மாதம், 1834 நவம்பர் 2-ல், கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘அட்லஸ்’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை மொரீசியஸ் தீவில் இறக்கியது. கரும்பு அதே கரும்பு. பின்னர் சென்னை மாகாணத்துத் துறைகளிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன; அவற்றுட் சில பினாங்குக்கு வந்தன. மலாயாத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் மூலம் ஆட்களை அழைத்துவருவது அதற்குப் பின்னும், இந்திய அரசாங்கம் 1938-ல் தடைசெய்யும் வரை, நடந்துவந்தது.